குண்டூசியின் கீழ் ஒரு நகரம்

உக்ரேன் மீதான படையெடுப்பு ஒரு வியாழக்கிழமை தொடங்கியது. வெள்ளிக்கிழமை மத்தியானமே எங்கள் களஞ்சியத்துச் சாப்பாட்டு அறையில் போர்ச்சபை கூடிவிட்டது.

சபையில் மூன்று பேர். மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கொள்கலன்களில் வரும் சட்டி பானைகளை இறக்கிப் பிரித்துக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு களஞ்சியத்தில் நான் இருபது வருடத்துக்கு மேலாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். இரண்டாவது ஆள் அண்ணை. துறைமுகத்திலிருந்து எங்களுக்குக் கொள்கலன் கொண்டுவரும் ட்ரக் ஓட்டுகிறவர். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் கணக்கு ரியூசன் மாஸ்டராக இருந்தவர், என்னைவிட ஏழு வயது மூப்பு. மூன்றாவது, மேல்மாடி அலுவலகத்தில் கணினிகளைப் பார்க்கும் சென்னைத் தம்பி.

எங்கள் மூவரின் போர் அனுபவத்தையும் இங்கே சொல்லிவிடுவது நியாயம். தம்பி பள்ளிக்கூடத்தில் மரத்துப்பாக்கி பிடித்துச் சுதந்திர தின அணிவகுப்பில் நடந்தவர், அதிலும் வெயிலில் மயங்கி விழுந்தவர். அண்ணை வெண்கட்டியைவிடப் பாரமான ஆயுதம் தூக்கியதில்லை. நான், ஆமி வருகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு செருப்பை வேலியோடு விட்டுவிட்டு ஓடி, அந்த ஓட்டத்தை மொன்றியலில் வந்துதான் நிறுத்தியவன்.

ஆனால் வாயால் வெட்டி விழுத்துவதில் எங்களுக்கு நிகர் இல்லை. கீவ் மூன்று நாளில் விழும் என்று முதல் நாளே ஏகமனதாக முடிவெடுத்தோம். நாலாவது நாளும் அது விழாமல் நின்றபோது, அது விழாது என்று நாங்கள் ஆரம்பத்திலேயே சொன்னதாக எங்களுக்கு ஞாபகம் வந்தது.

இரண்டாவது கிழமை வரைபடம் வந்தது. தம்பி அலுவலகத்தின் கலர் பிரின்டரில் பன்னிரண்டு தாளாக அச்சடித்துக்கொண்டு வர, நானும் அண்ணையும் அதைப் பொருத்திச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டினோம். இரண்டு தாள் சந்திக்கும் இடத்தில் கருங்கடல் கொஞ்சம் மடங்கிப்போயிற்று. ரஷ்யாவின் கையில் இருக்கும் இடங்களுக்குச் சிவப்புத் தலைக் குண்டூசி, உக்ரேனுக்கு நீலம். முதல் பத்து நாளிலேயே சிவப்பு முடிந்துபோனதால், என் மனுசியின் சேலைக்குக் குத்தும் ஊசிப் பெட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்துவந்தேன். ஒரு கலியாண வீட்டுக்கு வெளிக்கிடும்போது அவ தேடினா. எங்கே போயிற்று என்று கேட்டதற்கு, தெற்கு முனையில் நிற்கிறது என்று உண்மையைச் சொன்னேன். கலியாண வீடு முடியும்வரை சேலைத் தலைப்பைக் கையால் பிடித்துக்கொண்டே நின்றா.

சபைக்குச் சட்டங்கள் இருந்தன. இரண்டு இடத்துச் செய்தி ஒத்துப்போகாமல் ஒரு ஊசியையும் அசைக்கக்கூடாது. ஊசியை அசைக்கும் அதிகாரம் அண்ணைக்கு மட்டும். தம்பி யூடியூபில் பார்க்கும் ஓய்வுபெற்ற ஜெனரல்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு இடமாகவே கணக்கில் எடுக்கப்படுவார்கள். தம்பிக்கு இதில் மனவருத்தம். "ஸ்ட்ராட்டஜிக்கா பாத்தா ரஷ்யா வேணும்னேதான் பின்வாங்குதுங்க," என்பார். முன்னேறினாலும் அவருக்கு அது ஸ்ட்ராட்டஜிதான்.

உண்மையாகவே எங்களிடம் இருந்த ஒரேயொரு நிபுணத்துவம், கீவுக்குப் போகிற வழியில் ரஷ்யரின் நீளமான வாகன வரிசை நகராமல் நின்றபோது வெளிப்பட்டது. உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் அதன் உள்நோக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தன. அண்ணை சோற்றுப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு, அதில் உள்நோக்கம் ஒன்றும் இல்லை என்றார். துறைமுக வாசலில் காலமை மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்று பார்த்தவனுக்குத் தெரியும்: முன்னால் ஒருவனுக்கு டயர் போய்விட்டது, பின்னால் ஒருவனுக்கு டீசல் முடிந்துவிட்டது, நடுவில் நிற்பவனுக்கு ஏன் நிற்கிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. பிறகு வந்த செய்திகளும் ஏறக்குறைய அதையே சொன்னதால் அண்ணையின் அதிகாரம் கேள்விக்கு அப்பாற்பட்டதாயிற்று.

சனங்கள் வெறுங்கையோடு டாங்கிகளுக்கு முன்னால் நின்ற வீடியோக்களையும் பார்த்தோம். கமக்காரர் ட்ராக்டரில் கட்டி டாங்கியை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துச் சிரித்தோம். படை வழிதவறட்டும் என்று தெருப் பலகைகளைக் கழற்றியதைப் புகழ்ந்தோம். ஆனால் சனங்களுக்கு எங்களிடம் ஊசி இருக்கவில்லை. பிரிகேட்டுகளுக்கு இருந்தது, ஆறுகளுக்கு இருந்தது, பாலங்களுக்குத் தனி நிறமே இருந்தது. பக்கத்து மேசையில் சாப்பிடும் ஹெய்ட்டிக்காரர் ஒருநாள் மைக்ரோவேவுக்குக் காத்துக்கொண்டு நின்றபோது, இப்போது எந்த அணி முன்னுக்கு நிற்கிறது என்று மரியாதையாக விசாரித்தார். அவருக்கு அரை மணித்தியாலம் விளக்கினேன். அவருடைய சாப்பாடு ஆறிவிட்டது.

இது எனக்கு முதல் வரைபடம் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். வன்னியில் கடைசிச் சண்டை நடந்தபோது என் வீட்டு நிலவறையில் ஒன்று தொங்கியது. அதிலும் அண்ணைதான் ஊசி அசைத்தார். ஊசிகள் நெருக்கி நெருக்கிக் கடைசியில் குத்துவதற்கு இடமில்லாமல் போயிற்று. அதை நாங்கள் எப்போது கழற்றினோம் என்பது எனக்கு ஞாபகமில்லை. அண்ணையிடம் கேட்டதும் இல்லை.

செப்டெம்பரில் சூப்பர்வைசர் பொதி கட்டும் பகுதிக்கு ஒரு புது ஆளைக் கூட்டிவந்தா. ஐம்பது வயது மதிக்கலாம். நரையும் பொன்நிறமும் கலந்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தா. விரல் நுனிகள் வெடித்து, மண் வேலை செய்த கை என்று தெரிந்தது. கெர்சோன் என்ற நகரத்தில் தக்காளி, வத்தகப்பழ விதைகளைச் சோதிக்கும் நிலையமொன்றில் வேலைசெய்தவ. நகரம் ரஷ்யர் கையில் விழுந்து இரண்டு மாதத்துக்குள் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வெளியே வந்து, போலந்தில் கொஞ்சக் காலம் இருந்து, இங்கே வந்து சேர்ந்தவ. பிரெஞ்சு வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தா. வந்த முதல் கிழமை பெட்டி ஏதும் விழப்போனால் "தபர்நாக்" என்று அமைதியாகச் சொல்லுவா. யாருக்கும் பெட்டி விழும்போது இங்கே எல்லோரும் அதைத்தான் சொல்லுகிறார்கள், அதனால் அது கவனம் என்பதற்கான சொல் என்று நினைத்திருந்தா. அது கியூபெக்காரரின் கெட்ட வார்த்தை என்று விளக்கிச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. கேட்டுவிட்டுச் சிரித்தா, ஆனால் சொல்லுவதை நிறுத்தவில்லை.

போர்க்களத்திலிருந்தே ஒரு ஆள் வந்து சேர்ந்திருப்பதை அறிந்ததும் சபைக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தியான இடைவேளையில் அண்ணை அவவை வரைபடத்துக்கு முன்னால் கூட்டிச் சென்றார். மூன்று பேரும் பின்னால் கைகட்டி நின்றோம், பரீட்சை முடிவு பார்க்கும் பிள்ளைகள் மாதிரி. அவ வெகுநேரம் பார்த்தா. மடிந்த கடலைத் தடவி நிமிர்த்தினா. ஆற்று முகத்தடியில் குத்தியிருந்த ஒரு சிவப்பு ஊசியைத் தொட்டு, இது என்ன என்று கேட்டா.

அண்ணை தன்னுடைய ட்ரக் ஓட்டுநர் பிரெஞ்சில் விளக்கினார். மடாம், அதுதான் உங்கட நகரம். எதிரியின்ர கையில இருக்கிறபடியால் சிவப்பு.

"இந்த ஊசித் தலைக்குக் கீழ முழு நகரமும் மூடுபட்டுப்போச்சு," என்றா அவ. "என்ர அப்பாவும் இதுக்குக் கீழதான் இருக்கிறார். கொஞ்சம் தள்ளிக் குத்த ஏலாதா?"

அண்ணை தர்மசங்கடப்பட்டார். இரண்டு இடத்துச் செய்தி வேண்டும் என்ற சட்டத்தை அவவுக்கு எடுத்துச் சொன்னார். அவ அதைக் கவனமாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, தன் கதிரையில் போய் இருந்து ரொட்டித்துண்டைச் சாப்பிட்டா. அன்றைக்கு எங்களில் ஒருவரும் வெட்கப்படவில்லை என்பதை இப்போது எழுதும்போது வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு இடைவேளைகளில் அவவின் அப்பா கதையாக எங்கள் மேசைக்கு வரத்தொடங்கினார். முப்பது வருடத்துக்கு மேல் அந்த நகரத்தில் பஸ் ஓட்டியவர். மனைவி இல்லை. மகள் எவ்வளவு கெஞ்சியும் வெளிக்கிட மறுத்துவிட்டார். நகரம் பிடிபட்ட முதல் கிழமைகளில், சதுக்கத்தில் கொடியோடு கூடிய சனத்தோடு அவரும் நின்று, துப்பாக்கி நீட்டிக்கொண்டு நின்ற படையினரைப் பார்த்து வீட்டுக்குப் போ என்று கத்தியிருக்கிறார். பிறகு புகைக்குண்டு வந்தது, வெடி வந்தது, ஆட்கள் காணாமல் போகத் தொடங்கினார்கள், சதுக்கம் வெறுமையாயிற்று. அதற்குப் பிறகு, மகள் வெளிக்கிடுவதற்கு முந்தியே, அவர் பழைய பஸ் தரிப்பு ஒன்றின் மரவாங்கில் போய்க் குந்தியிருக்கத் தொடங்கினார். புதிதாக வருகிற படையினர் வாகனத்தை நிறுத்தி அவரிடம் வழி கேட்பார்கள். முப்பது வருடம் அந்த வீதிகளில் ஓடியவர், தலையில் பஸ் கொம்பனித் தொப்பியோடு, தான் இந்த ஊருக்குப் புதிது என்று சொல்லுவார். சில நாள் மனம் நல்லாயிருந்தால் வழி சொல்லுவார். அந்த வழி குப்பை கொட்டும் இடத்துக்குப் போகும். பக்கத்தில் இருக்கும் கடைக்காரிக்கும் வழி தெரியாது, எதிர்வீட்டு வாத்தியாருக்கும் தெரியாது. ஒரு நகரமே தன் தெருக்களை மறந்துபோயிற்று.

நாங்கள் ரசித்துத்தான் கேட்டோம். ஆனால் கேட்டு முடிந்ததும் தம்பி, இதனால் எத்தனை வாகனம் தாமதமாகியிருக்கும் என்று கேட்டார். அண்ணை, குப்பை மேட்டுக்குப் போகிற வீதி எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் தேடினார்.

அதைவிட மோசமானது தக்காளி விவகாரம். தொலைபேசியை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற பயத்தில் அப்பா மகளோடு சண்டையைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கமாட்டார். பூனை, மழை, தோட்டம். ஒருநாள் அவ, இந்த முறை தக்காளி பிந்தித்தான் பழுக்கிறதாம் என்று சொன்னா. அண்ணையும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிந்திப் பழுக்கிறது என்றால் எதிர்த்தாக்குதல் தள்ளிப்போகிறது. அடுத்த கிழமை, பக்கத்து வீட்டுக் கோழிகள் வேலி தாண்டி வந்து தோட்டத்தைக் கிளறுகின்றனவாம் என்றா. கோழி எந்தப் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது, ஆற்றுப் பக்கமா, வடக்குப் பக்கமா என்று நானே கேட்டேன். சொந்த வாயால் கேட்டேன். அவ வடக்கு என்றா. அண்ணை எழும்பிப் போய் ஒரு நீல ஊசியை அரை அங்குலம் தெற்கே இறக்கினார்.

அவ சாப்பாட்டுக் கரண்டியை மேசையில் வைத்தா.

"அது கோழி," என்றா. ஒவ்வொரு பிரெஞ்சுச் சொல்லையும் தேடி எடுத்து வைத்தா. "முந்திச் சொன்னது தக்காளி. எங்கட அப்பாவுக்கு ஒரு தோட்டம் இருக்கு. அவர் அதுக்குத் தண்ணி விடுறார். அவ்வளவுதான்."

அண்ணை ஊசியைத் திரும்ப மேலே ஏற்றினார். அன்று சபை நேரத்தோடு கலைந்தது.

வீட்டுக்கு வந்து இந்தக் கதையை மனுசிக்குப் பகிடியாகச் சொன்னேன். அவ ஒரு கார்டறியில், குழந்தைகள் காப்பகத்தில், வேலைசெய்கிறா. நாள் முழுக்க இரண்டு வயதுக்காரரின் சண்டைகளைத் தீர்த்துவிட்டு வருவதால் வேறு சண்டைகளில் அவவுக்கு அக்கறை இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். வரைபடத்தை அவ பார்த்ததேயில்லை. வன்னி வரைபடம் தொங்கிய காலத்திலும் உடுப்புத் தோய்க்க நிலவறைக்கு வந்தால் அந்தப் பக்கம் திரும்பாமல் போவா. கதையைக் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டா.

"அந்த மனுசி இஞ்ச வந்த பிறகு ஒருத்தராவது வீட்ட கூப்பிட்டுச் சாப்பாடு குடுத்தவையோ?"

அடுத்த ஞாயிறு மத்தியானம் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தா. தானே ஊறப்போட்ட தக்காளி ஒரு போத்தல் கொண்டுவந்தா. மனுசி சோறு, பருப்பு, உறைப்புக் குறைத்து மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி வைத்திருந்தா. நான் என் பங்குக்குத் தொலைபேசியில் புது வரைபடம் ஒன்றை இறக்கி, சாப்பிட்டு முடிந்ததும் கதைப்பதற்கு ஆறு கேள்வி தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றையும் கேட்கக் கிடைக்கவில்லை. சோறு போட்டுக்கொண்டே மனுசி முந்திவிட்டா. காப்பகத்தில் பிள்ளைகளோடும் தாய்மாரோடும் கதைத்துக் கதைத்து அவவின் பிரெஞ்சு என்னுடையதைவிட எவ்வளவோ திறம்.

"வீட்டை விட்டு வெளிக்கிடேக்க என்ன எடுத்துக்கொண்டு வந்தனீங்கள்?"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தா. இந்தக் கேள்வியை அவவிடம் யாரும் கேட்டிருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பத்திரங்கள், குளிர் உடுப்பு என்று தொடங்கி, கொஞ்சம் தயங்கி, ரெலிவிசன் ரிமோட் என்றா. மேசையில் கிடந்ததாம். ஏன் கைப்பைக்குள் போட்டது என்று தெரியாதாம். போலந்தில் பையைத் திறந்தபோதுதான் கண்டதாம். ஒவ்வொரு முறை சனல் மாற்றுவதற்கும் எழும்பிப் போகவேண்டியிருக்கிறது என்று அப்பா இன்னும் ஏசுகிறாராம்.

மனுசி சிரித்தா. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, "நான் பிட்டுக் குழல்," என்றா.

தொண்ணூற்றைந்தில், ஆமி நெருங்க, யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்ட அந்தப் பெரிய இடம்பெயர்வில், கொட்டும் மழையில், பாலத்தடியில் நெரிபட்டுக்கொண்டு, ஒரு பிட்டுக் குழலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாவாம். அவிக்க மா இல்லை, பானை இல்லை, குழல் மட்டும். விடியப் பார்த்தபோது பக்கத்தில் நின்ற ஒருவர் சுவர் மணிக்கூடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றாராம். இரண்டு பெண்களும் மேசையில் கைவைத்துச் சிரித்தார்கள். நான் மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தப் பெண் தன் தகப்பனின் பஸ் தரிப்பைப் பற்றிச் சொல்ல, மனுசி தன் சைக்கிளைப் பற்றிச் சொன்னா. இடம்பெயர்ந்து ஆறேழு மாதத்தில் அவ ஊருக்குத் திரும்பிவிட்டா. ஊர் அப்போது ஆமியின் கையில். தினமும் வகுப்புக்குப் போகிற வழியில் ஒரு காவலரண். அந்த இடம் வந்ததும் ஆமிக்காரன் கையை நீட்டி, சைக்கிளை விட்டு இறங்கு என்று கத்துவான். இறங்கி உருட்டிக்கொண்டு போய், தாண்டிய பிறகுதான் ஏறவேண்டும். ஒருநாள் அவவும் கூட்டாளிப் பெட்டைகளும், காவலரண் வருவதற்கு ஒரு கால் மைல் முந்தியே, ஒருவரும் சொல்லாமல் இறங்கிவிட்டார்கள். கதைத்துச் சிரித்துக்கொண்டு உருட்டிக்கொண்டு போனார்கள். அவன் கையை நீட்ட வந்து, நீட்டாமல் நின்றான். அடுத்த நாளும் அப்படியே. கிழமை முடிவதற்குள் அந்த வீதியால் போகிற பெட்டைகள் எல்லோரும், பிறகு வாத்தியார்மாரும், கந்தோர் உத்தியோகத்தர்களும் அங்கேயே இறங்கத் தொடங்கினார்கள். எல்லோரும் எல்லாவற்றுக்கும் பத்து நிமிடம் பிந்திப் போனார்கள். ஆனால் அந்த ஆமிக்காரனுக்கு இறங்கு என்று சொல்வதற்கு ஆள் கிடைக்கவில்லை.

"அவங்கள் சொல்லி நாங்கள் இறங்கேல்லை," என்றா மனுசி. "அதுதான் விசயம்."

அந்தப் பெண் கையை நீட்டி மனுசியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டா.

எங்களுக்குக் கலியாணமாகி இருபத்துமூன்று வருடம். அந்தச் சைக்கிளைப் பற்றி அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகக் கேட்கிறேன், அதுவும் பிரெஞ்சில். அவ சைக்கிளை உருட்டிக்கொண்டு போன அதே மாதங்களில் நான் இங்கே ஒரு அறையில் நாலு பேரோடு இருந்து, அந்த வீதியில் எத்தனை முகாம் என்று எண்ணிக்கொண்டிருந்திருப்பேன். விருந்தாளியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து கோப்பை கழுவும்போது, ஏன் இதை எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்கள் கேக்கேல்லை," என்றா. கோபம் இல்லாமல்தான் சொன்னா. "நான் வந்த புதுசில கேட்டனீங்கள். எந்த முகாம் எங்க இருக்கு, எத்தினை பேர் இருப்பாங்கள், என்ன வாகனம் வச்சிருக்கிறாங்கள் எண்டு. எனக்கு அது ஒண்டும் தெரியாது. உங்களுக்கு ஏமாத்தமாப் போச்சு. பேந்து நீங்கள் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை."

நான் துடைத்த கோப்பையையே திரும்பவும் துடைத்தேன். அடுத்த மூன்று நாள் மத்தியானம் வரைபடத்தடிக்குப் போகவில்லை. திருந்திவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். நாலாவது நாள் ஒரு பாலம் அடிபட்டதாகச் செய்தி வந்தது, போனேன்.

நவம்பரில் ரஷ்யப் படை கெர்சோனை விட்டு ஆற்றின் மறுகரைக்குப் பின்வாங்கியது. சனம் சதுக்கத்தில் கூடிப் படையினரைக் கட்டிப்பிடித்து அழுவதை எல்லாத் தொலைக்காட்சியும் காட்டியது. இரண்டு இடம் என்ன, இருபது இடத்துச் செய்தி ஒத்துப்போயிற்று. அண்ணை சிவப்பு ஊசியைப் பிடுங்கி நீலத்தைக் குத்தினார். குத்திய பிறகு ஒருதரம் விரலால் அழுத்திப் பார்த்தார். எத்தனையோ வருடமாக அவர் நல்ல பக்கத்துக்கு அசைத்த ஊசிகள் மிகக் குறைவு. "இது கூட ஸ்ட்ராட்டஜிதாங்க," என்று தம்பி தொடங்க, அண்ணை பார்த்த பார்வையில் அவர் போய்க் கேக் வாங்கி வந்தார். நீலமும் மஞ்சளும் ஐசிங்.

அவவைக் கூப்பிட்டோம். பெட்டிகளைக் கொண்டுவரும் ஓடுபட்டியடியிலிருந்து வந்தா. கேக்கைப் பார்த்தா, ஊசியைப் பார்த்தா. நன்றி சொல்லிவிட்டு, அப்பாவின் தொலைபேசி மூன்று நாளாக வேலை செய்யவில்லை, நகரத்தில் மின்சாரமும் இல்லை, ஆள் இருக்கிறாரா என்று தெரியாது, அதனால் இப்போது சாப்பிட முடியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வேலைக்குப் போனா.

அண்ணை கத்தியைக் கையில் பிடித்தபடி நின்றார். வெற்றி கிடைத்த நகரத்தில் ஒரு ஆள் தொலைபேசி எடுக்காமல் இருப்பதற்கு எங்கள் சட்டப் புத்தகத்தில் விதி இருக்கவில்லை. பிறகு அவர் கேக்கை வெட்டாமலே பெட்டிக்குள் வைத்து மூடினார். தொடவேண்டாம் என்று பிரெஞ்சில் ஒரு தாளில் எழுதி, இரண்டு எழுத்துப் பிழையோடு, குளிர்ப்பெட்டிக்குள் வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கொள்கலன் கொண்டுவந்ததும் நேரே அவவிடம் போய், புருவத்தை மட்டும் உயர்த்துவார். அவ இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுவா. அவர் வரைபடத்தடிக்குப் போகாமலே ட்ரக்குக்குத் திரும்பிவிடுவார். ஊசி அசைக்க ஆள் இல்லாமல் கிழக்கு முனை அந்தக் கிழமை முழுக்க நின்ற இடத்திலேயே நின்றது.

ஆறாம் நாள் காலமை அழைப்பு வந்தது. அப்பா தொடர்பு கிடைக்கும் ஒரு இடம் தேடி நடந்துபோய், வரிசையில் நின்று எடுத்திருக்கிறார். அவ பட்டியடியில் நின்றே கதைத்தா, கதைத்துக்கொண்டே நிலத்தில் இருந்துவிட்டா. சூப்பர்வைசர் பட்டியை நிறுத்தினா. அப்பா சுகம். தண்ணீர் இல்லை, வெளிச்சம் இல்லை, ஆனால் சுகம். ஒரேயொரு கஷ்டமாம். வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காரர் ஊர் முழுக்க நிறைந்து அவரிடம் வழி கேட்கிறார்களாம். எட்டு மாதப் பழக்கத்தில் வாய் தன்பாட்டில் குப்பை மேட்டுக்கு அனுப்பிவிடுகிறதாம். ஒரு கூட்டத்தைப் பின்னால் ஓடிப்போய் மறிக்கவேண்டி வந்ததாம்.

கேக் கல்லாகிப் போயிருந்தது. எல்லோரும் கோப்பியில் தோய்த்துச் சாப்பிட்டோம்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆற்றின் மறுகரைக்குப் போனவர்கள் அங்கிருந்து நகரத்துக்குக் குண்டு அடிக்கத் தொடங்கினார்கள். நீல ஊசி அசையவில்லை, அதனால் எங்கள் சபைக்கு அது செய்தியாக இருக்கவில்லை. அவவுக்கு ஒவ்வொரு நாளும் செய்தி. அடுத்த வருடக் கடைசியில் உலகம் வேறு சண்டைகளுக்குத் திரும்பியது. அண்ணையும் திரும்பினார். சாப்பாட்டு அறைச் சுவரில் இப்போது வேறொரு தேசம் தொங்குகிறது. ஊசிகள் அதேதான்.

ஆனால் நான் கடைசியாகச் சொல்ல வந்தது அதற்கு முந்திய வசந்தத்தைப் பற்றி. மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், பல்கலைக்கழக விவசாய வளாகத்தின் கண்ணாடிக் கூடமொன்றில் அவவுக்கு வேலை கிடைத்தது. திரும்பவும் நாற்று, விதை. எங்கள் கிழக்குப் பக்கத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போனால் இரண்டு மணித்தியாலம் என்பதால், முதல் நாள் நாங்களே கொண்டுபோய் விடுவது என்று மனுசி முடிவெடுத்தா. காரில் ஏறியதும் நான் செய்தியைப் போட்டேன், மனுசி நிறுத்தினா. இருவரும் பின் ஆசனத்தில் இருந்து நாற்றுக்கு எந்த உரம் நல்லது என்று கதைத்துக்கொண்டு வந்தார்கள். நான் ஓட்டுநராக மட்டும் இருந்தேன்.

நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டோம். ஆற்றோடு சேரும் கால்வாயின் கரை வாங்கில் குந்தியிருந்து போத்தல் தேத்தண்ணி குடித்தோம். அப்போதுதான் அவ அப்பாவை வீடியோவில் எடுத்தா. சவரம் செய்யாத, பெரிய காதுள்ள ஒரு கிழவர். அவ தொலைபேசியைத் திருப்பி எங்கள் ஆற்றைக் காட்டினா. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, எங்களுடையது இதைவிட அகலம் என்றார். அவர் பக்கத்தில் தூரத்தில் எங்கோ தொம் என்று ஒரு சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரன் கூரை திருத்துகிறான் என்றார். மகள் அதை எங்களுக்கு மொழிபெயர்க்கும்போது முகத்தை மாற்றவில்லை.

பிறகு என்னைச் சுட்டி யார் என்று கேட்டார். சண்டையைப் பற்றி எல்லாம் தெரிந்த ஆள் என்று மகள் சொல்லியிருக்கவேண்டும். கிழவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னைக் கிட்டப் பார்த்தார்.

"எப்ப முடியுமாம் எண்டு கேக்கிறார்," என்றா அவ.

ஒரு வருடத்துக்கு மேலாக இந்தக் கேள்விக்கு மைக்ரோவேவடியில் நின்றவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவன் நான். மாதக் கணக்கு, பருவக் கணக்கு, ஷெல் கணக்கு எல்லாம் போட்டுச் சொன்னவன். மனுசி தேத்தண்ணிக் கோப்பையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"தெரியாது ஐயா," என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு பிரெஞ்சில் சொன்னேன், அவ அதைத் தன் மொழியில் சொன்னா.

கிழவர் தலையாட்டினார். ரெலிவிசனில் வருகிற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, தெரியாத ஒருவனை இப்போதுதான் காண்கிறேன் என்றாராம். அதற்குமேல் அவருக்கு என்னில் அக்கறை இருக்கவில்லை. தொலைபேசியை மறுபடி ஆற்றுப் பக்கம் திருப்பச் சொல்லி, அதில் மீன் இருக்கிறதா, என்ன மீன் என்று கேட்டார்.

அதுவும் எனக்குத் தெரியவில்லை. மனுசி எழும்பி, கொஞ்சம் தள்ளித் தூண்டில் போட்டுக்கொண்டு நின்ற ஒரு கியூபெக்காரரிடம் "போன்ஜூர்" சொல்லிக்கொண்டு விசாரிக்கப் போனா.